இடிஓவா, நீராவியா, காமாக் கதிரா? ஏற்றுமதி மசாலாவுக்கு எது சரி?

2024 ஏப்ரலில் ஹாங்காங் நான்கு இந்திய மசாலாக்களின் விற்பனையை நிறுத்தியது. சிங்கப்பூர் ஒரு மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. காரணம், கிருமியைக் கொல்ல அடிக்கும் எத்திலீன் ஆக்சைடு. தொழிலில் இருப்பவர்கள் வாயில் ‘இடிஓ’. 2020-லேயே இந்திய எள்ளில் இதைக் கண்டு பெல்ஜியம் எச்சரித்திருந்தது. அப்போதிருந்தே மசாலா ஆலைகளுக்கு ஒரே கேள்விதான்: கிருமியை வேறு எதனால் கொல்வது?

கொல்லாமல் விடவும் முடியாது. மிளகு களத்தில் பாய் விரித்துக் காய்கிறது. மண்ணும் பறவை எச்சமும் பட்ட ஒரு கிராம் மிளகில் பத்து லட்சம் நுண்ணுயிர்கள் இருப்பது அதிசயமில்லை. நாம் அதைக் குழம்பில் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். ஐரோப்பாவில் சாலட் மேல் அப்படியே தூவுகிறார்கள்.

இடிஓவை ஏன் இவ்வளவு காலம் விரும்பினார்கள் என்பது புரிகிறது. அது வாயு. மூட்டைக்குள்ளேயே ஊடுருவும். சூடு ஏற்றாது, நிறம் மங்காது, மணம் போகாது. ஆனால் அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள். சரக்கில் உள்ள குளோரைடோடு சேர்ந்து 2-குளோரோஎத்தனால் என்ற இன்னொரு வேதிப்பொருளாகவும் மாறித் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் சேர்த்துக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. அமெரிக்காவோ இடிஓவுக்கு 7, குளோரோஎத்தனாலுக்கு 940 என்று தனித்தனியாக விட்டு வைத்திருக்கிறது. அதனால்தான் ‘அமெரிக்கா போகும் சரக்குக்கு மட்டும் அடிக்கலாம்’ என்ற ஆசை இன்னும் போகவில்லை.

நீராவியில் எந்த எச்சமும் இல்லை. முழு மிளகு, சீரகம், விரலி மஞ்சள் எல்லாம் நன்றாகத் தாங்கும். மல்லிதான் கஷ்டம். ஆவி அறையைத் திறந்ததும் கூடம் முழுக்க மல்லி மணக்கும். அந்த மணம் பாக்கெட்டுக்குள் இருந்திருக்க வேண்டியது. அழுத்தத்தையும் நேரத்தையும் சரக்குக்குச் சரக்கு மாற்றிப் பழகினால்தான் எண்ணெய்ச் சத்து தப்பும். தூளை ஆவியில் விட்டால் கட்டி தட்டிவிடும். அதனால் முழுசாக ஆவி காட்டி, உலர்த்தி, அப்புறம்தான் அரைக்க வேண்டும். அப்படியானால் அரைக்கும் இடம், சலிக்கும் இடம், பேக்கிங் எல்லாம் ஆவி காட்டாத சரக்கின் தூசி எட்டாத தனிப் பகுதியாக வேண்டும். இயந்திரத்தின் விலையைப் பார்த்து மலைக்கிறோம். உண்மையில் செலவு வைப்பது ஆலையையே மாற்றிக் கட்டுவதுதான்.

காமாக் கதிரில் அந்தத் தொல்லை இல்லை. மூடிய அட்டைப்பெட்டி அப்படியே, அந்தக் கதிரை வீசும் கோபால்ட்-60 முன்னால் போய் வரும். மிளகாய்த் தூளின் சிவப்பும் பெரும்பாலும் நிற்கும். உணவு கதிரியக்கம் உடையதாக மாறுவதும் இல்லை. கதிரின் அளவைக் கிலோகிரேயில் சொல்வார்கள்; இந்தியாவில் மசாலாவுக்கு 14 கிலோகிரே வரை அனுமதி, ஐரோப்பாவில் 10 வரை. நவி மும்பை வாஷியில் அரசு நிலையமே இருக்கிறது. சிக்கல் லேபிளில்தான். ‘கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டது’ என்று அச்சிட்டே ஆக வேண்டும். அதைப் பார்த்ததும் பல பையர்கள், அதாவது சரக்கை வாங்குபவர்கள், பின்வாங்குகிறார்கள். ஐரோப்பாவுக்கு என்றால் அவர்கள் அங்கீகரித்த நிலையமாகவும் இருக்க வேண்டும்.

என் முடிவு: முழுச் சரக்குக்கு நீராவி. பையர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தூளுக்குக் கதிர். இடிஓ எந்த நாட்டுக்கும் வேண்டாம்.

சிறிய ஆலைகள் நீராவி இயந்திரம் வாங்கிக் கடனில் மாட்ட வேண்டியதில்லை. கூலிக்கு ஆவி காட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் நேரில் போய், அதே வளாகத்தில் யாருக்காவது இடிஓ அடிக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் சரக்கை இறக்காதீர்கள். கொஞ்சம் ஒட்டினாலே வரம்பு தாண்டிவிடலாம்: ஐரோப்பியக் கணக்கில் பத்து டன் மசாலாவுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த அளவே 1 கிராம்தான்.