ரகத்தை மாற்றுவதா, மலை ஏறுவதா?

திராட்சை பறிக்கும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, பழத்தைச் சுவைத்தால் மட்டும் போதாது. விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்க்க வேண்டும், அப்புறம் கடித்தும் பார்க்க வேண்டும். பழுப்பேறி மொறுமொறுவென்று உடைந்தால் சரி. பச்சையாக இருந்து நாக்கைத் துவர்க்க வைத்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஒயின் தயாரிப்பவர்களுக்கு இப்போது இங்கேதான் இடிக்கிறது. வெயில் கூடக் கூடப் பழத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறுகிறது, புளிப்பு தரும் மாலிக் அமிலம் குறைகிறது. தோலும் விதையும் மட்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. உடனே பறித்தால் துவர்ப்பு. காத்திருந்தால் ஆல்கஹால் மிகுந்து, புளிப்பில்லாமல் சப்பென்று ஆகிவிடும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கூடினால் ஒயினில் ஆல்கஹால் 1 சதவீதம் கூடும்.

'அந்தக் காலத்தில் இப்படி இல்லை' என்ற வழக்கமான புலம்பல் அல்ல இது. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் போன் என்ற ஊரின் அறுவடைத் தேதிகளை 1354 முதல் தொகுத்திருக்கிறார்கள். 1988-க்குப் பிறகு அங்கே அறுவடை, முந்தைய ஆறு நூற்றாண்டுகளின் சராசரியைவிட ஏறத்தாழ 13 நாள் முந்திவிட்டது.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன. நிலமும் ரகமும் அப்படியே இருக்க, வேலை முறையை மட்டும் மாற்றுவது ஒன்று. ரகத்தைக் காப்பாற்றிக்கொண்டு குளிர்ந்த இடத்துக்குப் போவது இன்னொன்று. நிலத்திலேயே நின்று ரகத்தை மாற்றுவது மூன்றாவது.

முதல் வழி கைக்கு எட்டியது, செலவும் குறைவு. முன்பு குலையில் வெயில் படட்டும் என்று சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி எறிவார்கள். இப்போது பிற்பகல் வெயில் விழும் பக்கத்து இலைகளை விட்டுவைக்கிறார்கள். கவாத்தைத் தள்ளிப்போட்டால் துளிர் வருவதும் சில நாள் தள்ளிப்போகும். அந்தச் சில நாள் எவ்வளவு பெரியது என்று 2021 ஏப்ரலில் தெரிந்தது: மார்ச் மாத வெதுவெதுப்பை நம்பி பிரான்சில் துளிர்விட்ட கொடிகளை உறைபனி தாக்கியது. இரவு முழுக்கக் கொடி வரிசைகளுக்கு நடுவே பாரஃபின் மெழுகு டப்பாக்களைக் கொளுத்திவைத்துக் காவல் இருந்தார்கள்.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. 2019 ஜூன் 28-இல் தெற்கு பிரான்சின் வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி பதிவானது. அந்த வட்டாரத்தில் இலையும் குலையும் தீயில் வாட்டியதுபோலக் கருகின. நிழல் தர வேண்டிய இலையே கருகினால் என்ன செய்வது? சொட்டுநீர்ப் பாசனத்தையும் பெரிதாக நம்ப முடியாது. 2024 பிப்ரவரியில் ஸ்பெயினின் கேட்டலோனியா மாநிலம் வறட்சி அவசரநிலையையே அறிவித்தது. குறைந்த புளிப்பை ஈடுகட்டச் சாற்றில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வெறும் ஒட்டுப்போடும் வேலை.

இரண்டாவது வழி பார்க்கக் கவர்ச்சியானது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். 500 மீட்டர் ஏறினால் 3 டிகிரி. குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் காக்கும். கேட்டலோனியாவில் ஒயின் தயாரிக்கும் டோரஸ் குடும்பம் பிரனீஸ் மலை அடிவாரத்தில் ட்ரெம்ப் அருகே ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் கொடி நட்டிருக்கிறது. ஷாம்பெயின் நிறுவனமான தைத்தாஞ்சே 2015-இல் இங்கிலாந்தின் கென்ட்டில் நிலம் வாங்கியது. பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தைப் போலவே அங்கேயும் சுண்ண மண்தான். சரி, ஆனால் அங்கே விளைவதை ஷாம்பெயின் என்று விற்க முடியாது. பெயர் மண்ணோடு கட்டப்பட்டது, கூட வராது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் மலையில் நிலம் வாங்கப் பணத்துக்கு எங்கே போகும்?

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்குத்தான். பிரான்சின் போர்தோ ஒயின் வட்டாரத்தில் 2021-இல் ஆறு புதிய ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது: சிவப்பில் அரினர்னோவா, காஸ்தெ, மார்சலான், டூரிகா நசியோனல், வெள்ளையில் அல்வரீனியோ, லிலியோரிலா. ஆனால் தோட்டப் பரப்பில் 5 சதவீதம், ஒயின் கலவையில் 10 சதவீதம் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். லேபிளில் ரகத்தின் பெயரும் வரக்கூடாது. மருமகளை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, வாசலில் மட்டும் நிற்காதே என்பதுபோல இருக்கிறது.

இதனால் பாரம்பரியம் கெடும் என்கிறார்கள். எந்தப் பாரம்பரியம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி வேர்களைத் தின்று தீர்த்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்கள் தப்பின. 1956 பிப்ரவரியின் கடுங்குளிரில் போர்தோவின் மால்பெக் ரகக் கொடிகள் பெருமளவில் செத்தன. பிறகு மெர்லோ ரகத்தை ஏராளமாக நட்டார்கள். இன்று சீக்கிரமே பழுத்து, சர்க்கரை மிகுந்து தொல்லை தருவதும் அதே மெர்லோதான். அதேசமயம், முன்பு பல ஆண்டுகளில் பழுக்காமலே போன பெட்டி வெர்டோ ரகம் இப்போது ஒழுங்காகப் பழுக்கிறது. அதை நட யாருடைய புதிய அனுமதியும் வேண்டாம், போர்தோவின் சொந்தப் பிள்ளை அது.

இதிலும் நோவு இல்லாமல் இல்லை. புதுக் கொடி காய்க்க மூன்றாம் ஆண்டு ஆகும். பழைய கொடியை வெட்டி அதன் மேலேயே புது ரகத்தை ஒட்டுக்கட்டினால் காத்திருப்பு குறையும், ஆழமாகப் போன வேரும் மிஞ்சும். மலை ஏறிய டோரஸ் குடும்பமே மறைந்துபோன உள்ளூர் ரகங்களையும் தேடி எடுத்துவருகிறது. அப்படி மீட்டவற்றில் ஃபோர்காடா என்ற வெள்ளை ரகம் தாமதமாகப் பழுக்கும். புளிப்பையும் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.