தேக்கு என்று சொல்லி சில்வர் ஓக்கைத் தலையில் கட்டினார்கள்: சேலத்தில் மரம் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

கடைப் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் சண்டைக்கு வருவார்கள், என்னிடம் ஒழுங்கான பில்லும் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

அம்மாபேட்டையில் நாங்கள் இருப்பது ஒரே ஹால் உள்ள வாடகை வீடு. மகள் பத்தாவது படிக்கிறாள். ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், முடிந்ததும் இரண்டு மாதம் எங்களோடுதான் இருப்பார் என்று ஏற்பாடு. ஹாலைப் பாதியாகப் பிரிக்க ஒரு மடக்குத் தட்டி இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஆன்லைனில் கேட்ட விலைக்கு நாமே செய்துவிடலாமே என்று துணிந்தேன். துணித் தட்டி டிவி சத்தத்தை எங்கே தடுக்கும் என்று கேட்காதீர்கள், மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

திட்டம் எளிமையானது. ஆறடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் நான்கு சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நெடுக்கே இரண்டு ரீப்பர் (நீளமாக அறுத்த மரச்சட்டம்), குறுக்கே மூன்று. நடுவில் பழைய காட்டன் புடவையை இழுத்து அடித்துவிட்டால் கனம் இருக்காது. ஆக மொத்தம் 66 அடி ரீப்பர், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். கடைக்காரர் கால்குலேட்டரில் 66-ஐ 2 ஆலும் ஒன்றரையாலும் பெருக்கி, 144 ஆல் வகுத்து, 1.375 கன அடி என்றார். கணக்கு சரிதான். நன்றாக உலர்ந்த தேக்கு, கன அடி 3,500 ரூபாய், சில்லறையைத் தள்ளி 4,810 கொடுங்கள் என்றார். தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். தேக்கு நிறம். முனைகளில் மட்டும் சிவப்பு பெயிண்ட் தடவியிருந்தது, கேட்டதற்கு "வெடிக்காம இருக்கத்தான் சார்" என்றார். அதில் பொய்யில்லை, முனை வழியாக ஈரம் சீக்கிரம் போய் வெடித்துவிடும் என்று பெயிண்ட் தடவுகிற வழக்கம் உண்டு. அந்தப் பெயிண்ட் முனையில் தெரிய வேண்டிய மரத்தையும் சேர்த்து மறைக்கும் என்பதுதான் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டேப்பை வைத்தபோது முதல் அதிர்ச்சி. இரண்டு அங்குலம் என்றது ஒன்றே முக்கால், ஒன்றரை என்றது ஒன்றேகால். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நூல் குறைவு (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ரெண்டு நூல்தானே என்று தோன்றும், நானும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதே கணக்கைப் புது அளவில் போட்டால் வருவது ஏறக்குறைய ஒரு கன அடிதான், மீதி 0.375 கன அடி, பணமாகச் சொன்னால் 1,300 ரூபாய்க்கு மேல் காற்றில் போயிருக்கிறது. போன் செய்தால், "ரம்பத்துல போயிடும் சார், எல்லாக் கடையிலயும் அப்படித்தான்." ரம்பத்தில் ஒரு நூல் போகலாம், இழைத்தால் இன்னும் கொஞ்சம் போகலாம், இது இழைக்காத மரம்.

சரி, போகட்டும் என்று வேலையை ஆரம்பித்தேன். முனைகளைப் பாதிக்குப் பாதி வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று அமர்த்தி, ஃபெவிகால் போட்டு, மூலைமட்டம் வைத்துப் பார்த்து இறுக்கினேன். முனையை வெட்டும்போதே உள்ளே வெளிர் நிறம் தெரிந்தது, 'வெள்ளை' (மரத்தின் வெளிச்சுற்றில் இருக்கும் வெளிர்ப் பகுதி) கொஞ்சம் கலந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உப்புத்தாள் போட்ட அன்று ராத்திரி இரண்டு முழங்கையும் அரித்துத் தடித்துவிட்டது, தூசு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிப் படுத்தேன். கீல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று இணைப்பு, இணைப்புக்கு மூன்று என்று ஒன்பது பித்தளைக் கீல் அதே கடையில்தான் வாங்கினேன், ஒன்று 85 ரூபாய். ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை மகள் விளையாட்டாக வைத்தாள், டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்கு மேல் முலாம்.

மாசியில் செய்து முடித்தேன், பங்குனி வெயிலில் தட்டி முறுக்கிக்கொண்டது. சாதாரணமாக இல்லை, ஒரு சட்டத்தைக் கழற்றித் தரையில் போட்டால் ஒரு மூலை ஓர் அங்குலம் தூக்கி நிற்கிறது. மடக்கினால் மேலே சேர்கிறது, கீழே வாய் பிளக்கிறது. தூக்கினால் வாங்கிய அன்று இருந்த கனம் இல்லை. நான் தேக்கின் கனம் என்று நினைத்துக் காசு கொடுத்தது தண்ணீருக்கு.

இதற்குள் அப்பா வந்துவிட்டார், ஆபரேஷன் முடிந்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு. தட்டியைத் தடவினார், கத்தியை எடுத்துப் பின்பக்கம் சாயத்தைக் கீறினார், முகர்ந்தார், அப்புறம் வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். மீன் செதில் மாதிரி பளபளவென்று ஒரு கோலம்.

"தேக்குன்னா குடுத்தான்? சில்வர் ஓக்குடா சாமி. நம்ம எஸ்டேட்ல மிளகுக் கொடி ஏத்துறமே, அதே மரம்."

நான் பிறந்ததிலிருந்து பார்த்த மரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கென்று வரிசையாக நிற்பது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் எண்ணிக்கொண்டே போகலாம். அதைத்தான் கீழே சேலத்தில் சாயம் பூசி எனக்கே விற்றிருக்கிறார்கள். கை அரிப்பைச் சொன்னேன், இந்த மரத்தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அறுக்கிற ஆட்களில் சிலருக்கும் இப்படித்தான் தடிக்கும் என்றார். மரத்தைக் குறை சொல்ல மாட்டேன். பிளைவுட்டுக்கும் பெட்டிக்கும் போகிறது, உலர்த்திச் செய்தால் மேசை நாற்காலியும் செய்யலாம். பச்சையாக அறுத்துத் தேக்கு விலைக்கு விற்றதுதான் வயிற்றெரிச்சல்.

கடைக்குப் போனேன். "மரம்னா கொஞ்சம் அசையத்தான் செய்யும்" என்றார். தேக்கு என்றீர்களே என்றதற்கு, "சீட்டுல எங்க தேக்குன்னு இருக்கு, காட்டுங்க" என்றார். எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, 'ரீப்பர் 66 அடி, 1.375' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தால் முதலில் கேட்டதே பில்தான். ஜிஎஸ்டி போட்டால் விலை ஏறும் என்று அவர் சொன்னபோது தலையாட்டியது நான்தானே. பில்லில் மரத்தின் பெயர், அறுத்த அளவு இரண்டும் எழுதித் தராவிட்டால் காசை எடுக்காதீர்கள். பெயிண்ட் பூசிய முனையில் அரை அங்குலம் நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். டேப்பைக் கடையிலேயே பிடியுங்கள், காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

போன வாரம் வீடு இடித்த சாமான் விற்கும் கடையில் பழைய தேக்கு ஜன்னல் சட்டங்கள் வாங்கினேன். பல வருஷம் வெயில் மழை பார்த்த மரம், இனிமேல் முறுக்க அதில் ஈரம் இல்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் மடியிலிருந்து கத்தியை எடுத்ததுமே கடைக்காரர் ஓடி வந்தார்: "பெரியவரே, கீறிடாதீங்க, நானே நறுக்கிக் காட்டுறேன்."