மெல்பர்னுக்கு எப்போது போகலாம்: பாக்ஸிங் டே டெஸ்டுக்கா, ஆஸ்திரேலிய ஓப்பனுக்கா?

"டிசம்பர் கடைசியில் வரவா, ஜனவரி நடுவில் வரவா?" மெல்பர்னில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், விசா கைக்கு வந்ததும் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இது. கேட்பவருக்கு ஊரையும் சுற்ற வேண்டும், பெரிய ஆட்டம் ஒன்றையும் நேரில் பார்த்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, பாக்ஸிங் டே அன்று எம்.சி.ஜி. என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் தொடங்கும் டெஸ்ட் ஒரு பக்கம், ஜனவரியில் இரண்டு வாரம் நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் இன்னொரு பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிரிக்கெட்டே கதி என்று இருப்பவரை விட்டுவிட்டால், மற்ற எல்லாருக்கும் என் ஓட்டு டென்னிஸுக்குத்தான்.

போய்வரும் சிரமத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. எம்.சி.ஜி.யும் டென்னிஸ் நடக்கும் மெல்பர்ன் பார்க்கும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருக்கின்றன. பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி, யாரா ஆற்றை ஒட்டிய பிர்ராருங் மார் பூங்கா வழியே நடந்தால் இருபது நிமிடம் போதும். நகர நடுவில் டிராமுக்குக் காசு கிடையாது. கார் எடுத்துப் போனால்தான் தலைவலி. ஆகவே எந்தத் தேதியில் வருகிறோம் என்பதுதான் விஷயமே.

டெஸ்டுக்கு வருகிறவர் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்து இறங்கியிருப்பார். டிசம்பர் 25 அன்று நகரம் கதவைச் சாத்திவிடும். கடைகள், காபி ஷாப்புகள் பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் நாளே பாலும் பிரெட்டும் வாங்கி வைக்காதவர் பாடு திண்டாட்டம். மறுநாள் அப்படியே தலைகீழ்: பர்க் ஸ்ட்ரீட் கடைகளில் பாக்ஸிங் டே தள்ளுபடிக்கு ஒரு கூட்டம், ஸ்டேடியத்துக்கு இன்னொரு கூட்டம். குடும்பத்தில் பாதிப் பேருக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்றால் இது ஒரு வசதிதான். ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போய்விட்டுச் சாயங்காலம் சேர்ந்துகொள்ளலாம். விடுமுறை நாள் என்பதற்காகச் சாப்பாட்டு பில்லில் தனியாகப் பத்து, பதினைந்து சதவீதம் ஏற்றுவார்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எம்.சி.ஜி.யைப் பற்றிக் குறைத்துச் சொல்ல மனசு வராது. ஒரு லட்சம் பேர் கொள்ளும் மைதானம், 1877இல் முதல் டெஸ்ட் நடந்த இடம். இந்தியா ஆடினால் பாதி ஸ்டேடியம் நீலமாகிவிடும். 2024 டிசம்பரில் நடந்த டெஸ்டுக்கு ஐந்து நாளும் சேர்த்து 3,73,691 பேர் வந்தார்கள். அங்கே எந்த டெஸ்டுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அஸ்வின் ஓய்வை அறிவித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. நம்ம வாஷிங்டன் சுந்தர் ஒரு முனையில் நின்று அரை சதம் போட, மறுமுனையில் நிதிஷ் குமார் ரெட்டி சதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்த நாளில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் டென்னிஸ் உயர்வு என்று வாதாட நான் தயாரில்லை.

ஆனால் இந்தியா எல்லா வருடமும் வருவதில்லை. ஆட்டம் ஐந்து நாள் ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2025இல் இங்கிலாந்தோடு நடந்த பாக்ஸிங் டே டெஸ்டில் முதல் நாளே இருபது விக்கெட் விழுந்தது, இரண்டாம் நாளோடு ஆட்டம் முடிந்தது. டிக்கெட் பணம் திரும்பி வந்துவிடும், சரி. மூன்றாம் நாளை நம்பிப் போட்ட விமான டிக்கெட்டுக்கு யார் பணம் தருவது? டெஸ்டுக்கென்றே வருபவர் முதல் இரண்டு நாளில் ஒன்றுக்கு டிக்கெட் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். கீழ் அடுக்கில் முன்வரிசை கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன்பு ஒன்றை யோசியுங்கள்: அங்கே கூரை கிடையாது, ஏழு மணி நேரம் அதே நாற்காலி. தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் போனால் அன்று இரவு தோலே சொல்லிவிடும்.

டென்னிஸில் அந்தக் கட்டாயம் இல்லை. முதல் வாரத்தில் கிரவுண்ட் பாஸ் என்று ஒன்று வாங்கினால் போதும். முக்கிய ஆட்டங்கள் நடக்கும் ராட் லேவர் அரினாவுக்குள் விடமாட்டார்கள், ஆனால் வெளிக் கோர்ட்டுகளில் இஷ்டத்துக்கு நுழையலாம். அங்கே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் ஷூ கோர்ட்டில் கிறீச்சிடுவதும், பாயிண்டை விட்டதும் அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வதும் காதில் விழும். டிவியில் மெதுவாகத் தெரியும் சர்வீஸ் அங்கே கண்ணுக்கே பிடிபடாது. அலுத்தால் எழுந்து அடுத்த கோர்ட். குழந்தை அழுதால் புல்தரையில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்கலாம். யார் எந்த கோர்ட்டில் என்பது முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும், அதனால் குறிப்பிட்ட ஒருவரைப் பார்க்கவே வருகிறேன் என்பவருக்கு இது சூதாட்டம். இரண்டாம் வாரம் வெளிக் கோர்ட்டுகள் காற்றாடும். பெரிய அரினாவுக்குக் காசு கொட்டத் தயாராக இருந்தால் மட்டும் அப்போது வாருங்கள்.

இதற்கு வில்லன் வெயில். 2014 ஜனவரியில் நான்கு நாள் தொடர்ந்து 41 டிகிரியைத் தாண்டியது. வெயில் அளவுக்கு மீறினால் வெளிக் கோர்ட்டு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், கிரவுண்ட் பாஸ்காரர் நிழல் தேடி அலைய வேண்டியதுதான். அப்புறம் தெற்கிலிருந்து காற்று திரும்பும். உள்ளூர்க்காரர்கள் கூல் சேஞ்ச் என்பார்கள். அரை மணியில் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். மதியம் விசிறிக்கொண்டிருந்தவர் இரவில் ஸ்வெட்டர் தேடுவார், பையில் இரண்டும் இருக்கட்டும்.

இரவு ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பவர் திரும்பும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023இல் முர்ரே–கோக்கினாகிஸ் ஆட்டம் விடியற்காலை நான்கு மணிக்கு மேல்தான் முடிந்தது. வெள்ளி, சனி இரவுகளில்தான் ரயில் விடிய விடிய ஓடும், அது வியாழக்கிழமை ஆட்டம்.

சாப்பாட்டில் இரண்டு இடமும் ஒன்றுதான்: உள்ளே விலை அதிகம், வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடி பாட்டிலும் மதுவும் கூடாது. எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய்விட்டு, இன்னொரு நாள் டான்டினாங் பக்கம் இலங்கைக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிடுங்கள். தங்குவதற்கு ஆற்றோர ஓட்டல்கள் இரண்டு சீசனிலும் விலை ஏறிக்கிடக்கும். ரயில் பாதையை ஒட்டிய புறநகரில் அறை எடுத்தால் பாதிக் கவலை தீரும்.

மார்ச்சில் ஆல்பர்ட் பார்க்கில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்தையும் சிலர் கேட்கிறார்கள். ஊர் பார்க்க வருபவருக்கு அது வேண்டாம். கறுப்பு அன்னங்கள் நீந்தும் ஏரியைச் சுற்றி அழகான பூங்கா, பந்தயத்துக்காக வேலி போட்டு அடைத்துவிடுவார்கள். காரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சென்னையிலிருந்து சிங்கப்பூர் பக்கம், பந்தயமும் இரவில்தான். பகலில் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு எம்.ஆர்.டி. ரயில் பிடித்துப் போய்ச் சேரலாம்.