ஹவானாவுக்குப் போன ஆல்டோ சாக்ஸ்: ஆர்ட்டூரோ ஓஃபாரிலின் ‘கியூபா: தி கான்வர்சேஷன் கன்டினியூஸ்’

லத்தீன் ஜாஸ் ஆல்பங்களில் விருந்தினர்களுக்குப் பஞ்சமே இல்லை. அட்டையில் நாலு பெரிய பெயர் இருக்கும். உள்ளே ஆளுக்கு ஒரு சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதனால் விருந்தினர் பெயரைப் பார்த்து நான் ஆல்பம் வாங்குவதில்லை. ‘இவர் வராமல் இருந்திருந்தாலும் இந்த இசை இப்படியேதான் இருந்திருக்குமா?’ என்று கேட்டுப் பார்ப்பேன். இருந்திருக்கும் என்று தோன்றினால், அந்தப் பெயர் வெறும் அலங்காரம். 1964இல் வந்த ‘கெட்ஸ்/ஜில்பெர்டோ’ அட்டையில் இசையமைப்பாளர் ஜோபிம் பெயர் உண்டு, பாடகி அஸ்ட்ருட் ஜில்பெர்டோ பெயர் கிடையாது. இரண்டே பாட்டில் பாடிய அவருடைய குரல்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அட்டையை நம்பாதே என்று அன்றே சொல்லிக்கொடுத்த ஆல்பம் அது.

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்கிற ஆல்பம் ஒன்றைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பியானோ கலைஞர் ஆர்ட்டூரோ ஓஃபாரிலும் அவருடைய ஆஃப்ரோ லத்தீன் ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து செய்து, 2015இல் மொட்டேமா நிறுவனம் வெளியிட்ட ‘கியூபா: தி கான்வர்சேஷன் கன்டினியூஸ்’ என்ற இரட்டை சிடி இது.

இதன் பின்னணி தெரிந்தால் கேட்கும்போது கூடுதலாக ஒன்று கிடைக்கும். 2014 டிசம்பர் 17 அன்று, 1961இல் அறுந்துபோன கியூபா உறவை மறுபடி தொடங்கப்போவதாக ஒபாமா அறிவித்தார். அந்தச் செய்தி வந்தபோது நியூயார்க்கிலிருந்து போன இந்தக் குழு ஹவானாவிலேயே இருந்தது. இரண்டே நாளில் அப்தாலா ஸ்டுடியோவில் பதிவு ஆரம்பம். இரண்டு நாட்டு வாசிப்பாளர்களும் ஒரே அறையில். வேகமான பாட்டுகளில் பித்தளைக் கருவிகள் பாய்கிற பாய்ச்சலில் அந்த வாரத்தின் பரபரப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

‘கான்வர்சேஷன்’ என்று தலைப்பில் சொல்லும் உரையாடல், 1947இல் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும், ஹவானாவிலிருந்து வந்த, காங்கா என்ற கைமேளம் வாசிக்கும் சானோ போசோவும் தொடங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சானோ சுட்டுக் கொல்லப்பட்டார். பேச்சு பாதியில் நின்றுபோனது. அதை எடுத்துத் தொடரவேண்டும் என்பதுதான் ஆர்ட்டூரோவின் ஆசை. அவருக்கு இது குடும்ப விஷயமும்கூட. அப்பா சீக்கோ ஓஃபாரில் ஹவானாக்காரர். 1950 டிசம்பரில் நியூயார்க்கில், மச்சீத்தோவின் ஆஃப்ரோ கியூபன் இசைக்குழுவை வைத்து ‘ஆஃப்ரோ கியூபன் ஜாஸ் ஸ்யூட்’ என்ற பெரிய இசைத்தொகுதியைப் பதிவு செய்தார். அதற்கு வந்த விருந்தினர்களில் ஒருவர் ஜாஸ் சாக்ஸ் மேதை சார்லி பார்க்கர். கியூபத் தாளத்துக்கு மேலே பார்க்கரின் ஆல்டோ சாக்ஸ் (சாக்ஸஃபோனில் ஒரு வகை) பறக்கிற இடங்களை இன்றைக்குக் கேட்டாலும் நிமிர்ந்து உட்காரவைக்கும்.

இந்த ஆல்பத்தின் உயிர்நாடி மகன் எழுதிய ‘ஆஃப்ரோ லத்தீன் ஜாஸ் ஸ்யூட்’. நான்கு பகுதிகள்: ‘மதர் ஆஃப்ரிக்கா’, ‘ஆல் ஆஃப் தி அமெரிக்காஸ்’, ‘அடாஜியோ’, ‘வாட் நவ்?’. 2016இல் சிறந்த வாத்திய இசையமைப்புக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது. அப்பா பார்க்கருக்குப் போட்ட நாற்காலியில் மகன் யாரை உட்காரவைத்தார் என்பதில்தான் எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் மரியாதை கூடியது. பார்க்கர் மாதிரி வாசிக்க நியூயார்க்கில் ஆள் தேடினால் கிடைக்காமல் போகாது. அவர் கூப்பிட்டது ஆல்டோ சாக்ஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவை.

ருத்ரேஷ் இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்தவர். கல்லூரி நாட்களில் அண்ணன் வேடிக்கைக்காகக் கையில் கொடுத்த ஒரு ஆல்பம் மூலம்தான் சாக்ஸில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத் அவருக்கு அறிமுகம். ‘டூயட்’ படத்தில் கேட்ட சாக்ஸ் என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த அறிமுகம் வளர்ந்து, 2008இல் கத்ரி கோபால்நாத், வயலின் ஏ. கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி ஆகியோரோடு ‘கின்ஸ்மென்’ என்ற ஆல்பமாக ஆனது. ஆக, ஹவானா ஸ்டுடியோவுக்குள் இவர் நுழையும்போது பார்க்கரும் கூட வருகிறார், நம் சபாக்களில் கேட்ட கமகமும் கூட வருகிறது.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கவனித்தால் காதுக்குப் பிடிபடும். பார்க்கர் ஒரு ஸ்வரத்தில் நேராகப் போய் இறங்குவார். ருத்ரேஷ் அதன் கீழிருந்து உரசிக்கொண்டு ஏறி, கொஞ்சம் அசைத்துவிட்டு, நிற்காமல் அடுத்ததுக்குத் தாவுகிறார். சொற்றொடர்கள் நீளம், எங்கே மூச்சு எடுக்கிறார் என்றே தெரியாது. கீழே காங்காவும் டிம்பால் மேளமும் சும்மா தாங்கிப் பிடிக்கவில்லை, எதிர்க்கேள்வி போடுகின்றன. ‘அடாஜியோ’வில் வேகமெல்லாம் அடங்கி, பித்தளைக் கருவிகள் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல நகர்கின்றன. நான்கு பகுதிகளில் நான் அதிகம் திரும்பிப் போகிற பகுதி அதுதான். இந்த ஸ்யூட்டில் ருத்ரேஷை எடுத்துவிட்டு வேறொருவரை வைத்தால் இதே இசை நிற்காது. என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய கைக்கு இந்த இசை அவ்வளவு தூரம் இல்லை. கியூப இசையின் அச்சாணி க்ளாவே. இரண்டு மரக்குச்சிகளில் தட்டுகிற ஐந்து அடி. பதினாறு மாத்திரையில் அது இப்படி விழும்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டிப் பாருங்கள், அதுதான் சோன் க்ளாவே. மூன்றாவது தட்டை மட்டும் ஒரு மாத்திரை தள்ளிப் போட்டு, தகிட தகதிமி தகிட தக தகதிமி என்று சொன்னால் ரும்பா க்ளாவே வந்துவிடும். ஒரே ஒரு மாத்திரைதான் வித்தியாசம், நடையே மாறிப்போகும். குச்சிச் சத்தம் கேட்காத இடத்திலும் பியானோ, பேஸ், ட்ரம்பெட் எல்லாம் இந்த ஐந்து அடியை மனதில் வைத்துத்தான் நகரும். இதைக் கையில் ஏற்றிக்கொண்டு கேட்டால், முதல் தடவை இரைச்சலாகப் பட்ட இடங்கள்கூடத் திறந்துகொள்ளும்.

அதற்கு நல்ல பயிற்சி ‘ப்ளூஸ் குவாகுவாங்கோ’. குவாகுவாங்கோ என்பது ரும்பாவில் ஒரு வகை. இந்தப் பாட்டைக் கியூபப் பாடகர் பாபி கார்கசேஸ் எழுதி, அவரே வந்து பாடியிருக்கிறார். பதிவின்போது எழுபதைத் தாண்டியவர், ஆனால் குரலில் வயதே தெரியவில்லை. சொல்லில்லாத அசைகளால் அவர் ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டு, நமக்கு வாயால் தாளச் சொற்கள் சொல்கிற கொன்னக்கோல் ஞாபகம் வருவதைத் தவிர்க்கமுடியாது. ‘எல் போம்போன்’ பாட்டில் கியூபக் கலைஞர் கோத்தோவின் த்ரெஸ் என்ற வாத்தியம் வருகிறது. கிட்டார் மாதிரி இருக்கும், தந்திகள் மூன்று ஜோடி. அத்தனை பித்தளைக் கருவிகளுக்கு நடுவே அந்தச் சின்ன வாத்தியத்தின் கணீரென்ற ஒலி அமுங்காமல் முன்னால் நிற்கும்படி ஒலிக்கலவை செய்திருக்கிறார்கள். டாஃப்னிஸ் ப்ரியெட்டோ எழுதிய ‘தி ட்ரையம்ஃபன்ட் ஜர்னி’யும் நல்ல எழுத்து.

‘வாகா ஃப்ரீட்டா’தான் எனக்கு ஒட்டவில்லை. விருந்தினராக வந்த டிஜே லாஜிக், சுழலும் இசைத்தட்டைக் கையால் தேய்த்து எழுப்புகிற டர்ன்டேபிள் கீறல்கள் தாளத்தோடு சரியாகத்தான் உட்காருகின்றன, பிசகு எதுவும் இல்லை. ஆனால் அவை சொல்கிற எதையும் அங்கே ஏற்கனவே இருக்கிற தாள வாத்தியங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த விருந்தினர் வராமல் இருந்திருந்தாலும் பாட்டு இப்படியேதான் இருந்திருக்கும்.

மொத்த நீளமும் அதிகம். இரண்டு சிடியையும் ஒரே மூச்சில் கேட்டால் காது களைத்துவிடும். ஆர்ட்டூரோவின் மகன் ஸாக் எழுதிய ‘தேர் இஸ் எ ஸ்டேச்சு ஆஃப் ஹோசே மார்த்தி இன் சென்ட்ரல் பார்க்’ மாதிரியான துண்டுகளைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வது நல்லது. ட்ரம்பெட் வாசிக்கும் இன்னொரு மகன் ஆடமையும் கவனியுங்கள். தாத்தா பெயருக்காகக் கிடைத்த இடம் இல்லை என்று வாசிப்பே சொல்லும்.

ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது. ஆனால் எந்தப் பாட்டில் யார் சோலோ என்ற விவரத்தைப் பெரும்பாலான ஆப்கள் காட்டுவதில்லை. இத்தனை விருந்தினர் இருக்கிற ஆல்பத்துக்கு அது பெரிய குறை. யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டால் பாதிச் சுகம் போச்சு. கிடைத்தால் சிடியாகவே வாங்குங்கள்.

கேட்கும் வரிசை என் கணக்கில் இப்படி: முதலில் சீக்கோவின் 1950 பதிவு. அதே கையோடு மகனின் ஸ்யூட், நான்கு பகுதியும் இடையில் நிறுத்தாமல். பிறகு ‘ப்ளூஸ் குவாகுவாங்கோ’, கையில் க்ளாவேயோடு. ருத்ரேஷைப் பிடித்துப்போனால் அடுத்து ‘கின்ஸ்மென்’. கத்ரி கோபால்நாத் 2019இல் நம்மை விட்டுப் போய்விட்டார். இரண்டு ஆல்டோக்களும் ஒன்றையொன்று துரத்துகிற அந்தப் பதிவை ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.