ஊதாத் தேன்சிட்டா, ஊதாப்பிட்டத் தேன்சிட்டா?

செம்பருத்திச் செடியில் தேன்சிட்டு வந்து உட்கார்ந்ததும் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். இரண்டுமே ஏறக்குறைய 10 செ.மீ. நீளம்தான், இரண்டுக்கும் வளைந்த அலகு.

ஆண் பறவையின் வயிற்றைப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஊதாப்பிட்டத்துக்கு வயிறு பளிச்சென்ற மஞ்சள், முதுகு அரக்குச் சிவப்பு, உச்சந்தலை பச்சை. வருடம் முழுக்க இதே உடைதான். ஊதாத் தேன்சிட்டு அப்படியில்லை. தூரத்தில் வெறும் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மின்னும். அந்தக் கணத்துக்காக எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். ஆனால் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தப் பளபளப்பு உதிர்ந்து, மஞ்சள் வயிற்றின் நடுவே தொண்டையிலிருந்து ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அப்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

பெண் பறவைகளைப் பிரிப்பது கொஞ்சம் கடினம். தொண்டை வெளிறிய சாம்பலாகவும் மார்பு மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டம்; தொண்டையும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் மற்றது.

கூடு? இரண்டுமே சிலந்தி வலையால் பின்னிய தொங்கும் பைதான். குப்பை ஏதோ சிக்கியிருக்கிறது என்று பிய்த்துப் போட்டுவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இருக்கும்.

ஊதாத் தேன்சிட்டை ஈரான் முதல் தென்கிழக்கு ஆசியா வரை பார்க்கலாம். ஊதாப்பிட்டம் இந்தியத் துணைக்கண்டத்தை விட்டுப் போவதில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு அதன்மேல்தான் பாசம் அதிகம்.