ஆர்கன் சிலிண்டரைப் பார்த்து ஏமாந்தேன்: அலுமினியம் ஒட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நீர்வேலிப் பக்கம் எனக்கு ஐந்து பரப்புத் தோட்டம். சின்ன வெங்காயம் நட்டு 35ஆம் நாள், இறைப்பு மிசினை லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது கயிறு அவிழ்ந்து தார் றோட்டில் விழுந்துவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பின் அலுமினிய ஹவுசிங்கில்தான் அடி. தண்ணீர் உறிஞ்சும் குழாயைப் பூட்டும் வாயைச் சுற்றி விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, போல்ட் போடும் காது ஒன்று முறிந்து கையோடு வந்தது. கயிற்றைக் கட்டியது நான்தான். அதை யார் தலையிலும் போடவில்லை.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்தேன். ஹவுசிங் மட்டும் தனியாக வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆகும் என்றார்கள். வெங்காயம் ஒரு கிழமை பொறுக்குமா? எங்கள் செம்மண் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும் மண் அல்ல. மூன்று நாலு நாளுக்கு ஒருக்கால் இறைக்காவிட்டால் தாள் நுனி கருகத் தொடங்கும். அந்த அவசரத்தில்தான் ஒட்டுவிக்கலாம் என்று போனேன்.

கடையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை, கேட்கவும் வேண்டாம். உள்ளே போனதும் எனக்கு நம்பிக்கை வரக் காரணம் சுவரோரம் நின்ற ஆர்கன் சிலிண்டர். மீற்றர் பூட்டி, குழாய் பூட்டி, பக்கத்தில் ஒரு மிசின். அலுமினியத்துக்கு ஆர்கன் வெல்டிங்தான், அதாவது ஆர்கன் வாயுவால் காற்றை விலக்கிக்கொண்டு ஒட்டுவதுதான், சரி என்று எங்கேயோ கேள்விப்பட்ட அரைகுறை அறிவு எனக்கு. முதலாளித் தம்பியிடம் கேட்டேன்.

“ஆர்கன்லதானே ஒட்டுவியள்?”

“வேற எதில அண்ணை? உடைஞ்சா இனி வேற இடத்தில உடையும், இதில உடையாது.”

6,500 ரூபாய் என்றார். இரும்பென்றால் ஆயிரத்தோடு முடியும் வேலை. ஆர்கன் விலை அப்படி என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. அது என் முதல் பிழை.

பின்னேரம் போனபோது வேலை முடிந்து, ஒட்டின இடம் முழுவதும் சில்வர் பெயின்ற் அடித்து வைத்திருந்தது. பெயின்ற் மணம்கூடப் போகவில்லை. ஏன் பெயின்ற் என்று கேட்டேன். “கறள் பிடிக்காம இருக்கத்தான்” என்றார். அலுமினியத்துக்குக் கறள்! எங்கள் வீட்டுச் சோற்றுப்பானைக்கே தெரியும் அது கறள் பிடிக்காதென்று. சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். சிரித்தது இரண்டாவது பிழை.

அடுத்த நாள் விடிய மிசினை ஓடவிட்டால் தண்ணீர் ஏறவில்லை. பம்புக்குள் தண்ணீர் விட்டு நிரப்பி ஓடவிட்டால் அரை நிமிடம் இழுக்கும், பிறகு குழாயில் காற்றுத்தான் வரும். கிணற்றுக்குள் இருக்கும் வால்வைச் சந்தேகப்பட்டுக் கழற்றிக் கழுவினேன். குழாயை மாற்றினேன். இரண்டு நாள் இப்படியே போனது. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகாததால் ஒட்டின இடத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது.

மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு வயதான ஐயாவிடம் கூட்டிப் போனார். இளமையில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில், அது 1990இல் மூடப்படும் வரை, வெல்டராக இருந்தவர். இப்போது வேலை செய்வதில்லை, கை நடுங்குகிறது. ஆனால் கண் நடுங்கவில்லை.

ஹவுசிங்கைத் தூக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், பேசவில்லை. சோக் கட்டியை இடித்துத் தண்ணீரில் குழைத்து ஒட்டின இடத்தின் வெளிப்பக்கம் பூசிக் காயவிட்டார். உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் வெள்ளைப் பூச்சில் எண்ணெய்ப் புள்ளிகள் ஏழெட்டு இடத்தில் கிளம்பின. “வடியைப் போல கிடக்கு தம்பி” என்றார். காசு செலவில்லாத சோதனை. எந்த ஒட்டுக்கும் வீட்டில் செய்து பார்க்கலாம். பெயின்ற் அடிக்கும் முன் செய்ய வேண்டும்.

பிறகு தின்னர் போட்டுப் பெயின்றைத் துடைத்தார். முதலில் வந்தது மெற்றல் பசை, அதாவது இரண்டு குழாயில் வாங்கிக் குழைத்துப் பூசும் சாமான். அதைச் சுரண்டினால் கீழே தேன்கூடு மாதிரி ஓட்டை. சுற்றிவரச் சிதறின மணிகள். குழிகளுக்குள் சாம்பல் நிறத்தில் கண்ணாடி போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. “இது கசடு. ஆர்கன்ல ஒட்டினா கசடும் வராது, மணியும் சிதறாது. உனக்கு றொட்டால ஒட்டியிருக்கு” என்றார். றொட் என்றால் மேலே பூச்சுப் பூசின வெல்டிங் குச்சி. அந்தப் பூச்சு உருகி இறுகி மிஞ்சுவதுதான் கசடு.

நான் நினைத்தது அலுமினியத்தை றொட்டால் ஒட்டவே முடியாது என்று. ஐயா அதை ஒப்புக்கொள்ளவில்லை. முடியும், அதற்கென்றே அலுமினிய றொட் இருக்கிறது, சிலிக்கன் 5 வீதம் கலந்தது கடைகளில் அதிகம் கிடைப்பது, தானும் ஒட்டியிருக்கிறேன் என்றார். ஆனால் அது இரும்பு ஒட்டுகிற கைக்கு வசப்படாது. இரும்பு சிவந்து, பழுத்து, உருகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உருகும். அலுமினியம் நிறமே மாறாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று விழும். அதன் மேல் இருக்கும் ஒட்சைட் தோலோ உருகக் கிட்டத்தட்ட 2,070 பாகை வேண்டும், உள்ளே இருக்கும் உலோகம் 660 பாகையிலேயே தண்ணீராகிவிடும். தோல் கிழிய முன்னம் உடம்பு கரைகிற சாமான் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் பிடித்தது. அந்தத் தோலைக் கரைக்கத்தான் றொட்டின் மேல் குளோரைட்டும் புளோரைட்டும் சேர்ந்த பூச்சு.

அந்தப் பூச்சு உப்பு மாதிரி. ஈரத்தை இழுக்கும். மூடி திறந்த பெட்டியை மாரி மழைக்கு யாழ்ப்பாணத்துக் கொட்டில் ஒன்றில் வைத்திருந்தால் அந்த றொட் முடிந்தது. ஈரத்திலிருந்து வரும் ஐதரசனை உருகின அலுமினியம் குடிக்கும், இறுகும்போது கக்கும். என் ஹவுசிங்கில் இருந்த தேன்கூடு அதுதான். பம்பின் உள்ளே ஊறியிருந்த எண்ணெயும் கிறீசும் அதே வேலையைத்தான் செய்யும். போதாததற்கு இந்த ஹவுசிங் அச்சில் அழுத்தி வார்த்தது. அதற்குள் ஏற்கெனவே அடைபட்ட காற்றும் உருக்கியதும் குமிழி விடும்.

வேறு சங்கடங்களும் உண்டு. வெல்டிங் பிளாண்ட் டீ.சீ., அதாவது மின்சாரம் ஒரே பக்கமாக ஓடுவது, ஆக இருக்க வேண்டும், றொட் பொசிட்டிவ் பக்கம் பூட்ட வேண்டும். மின்சாரம் மாறி மாறி ஓடும் பழைய ஏ.சீ. பெட்டியில் நெருப்பே ஒழுங்காக நிற்காது. அலுமினியம் இரும்பை விட நாலு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துவதால் ஒட்டும் இடத்தில் சூடு தங்காது. தடித்த துண்டென்றால் முதலில் 150, 200 பாகைக்குச் சூடாக்க வேண்டும். மெல்லியது, 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தது என்றால் றொட்டைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. றொட்டோ இரும்பு றொட்டை விட மூன்று மடங்கு வேகத்தில் எரிந்து குறையும், கை அதே வேகத்தில் ஓட வேண்டும். இடையில் நின்றால் நுனியைக் கசடு மூடிவிடும். அதை முறித்தால்தான் திரும்பப் பற்றும். “நான் பழக ஒரு பெட்டி றொட் வீணாக்கினன்” என்றார் ஐயா. என் ஹவுசிங்கில் அந்தப் பொடியன் எத்தனையாவது றொட் பழகினானோ.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கடைசியில் கசடைச் சுடுதண்ணீரால் கழுவி, ஸ்ரெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். மிச்சம் விட்டால் ஈரம் பட்டதும் அலுமினியத்தைத் தின்னும். என் பம்பில் கசடைக் கழுவாமல் அதன் மேலேயே பசையும் பெயின்றும். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற சாமானில்! கசட்டுக் குழியைச் சுற்றி மாப்பொடி மாதிரி வெள்ளையாக அப்போதே பொங்கத் தொடங்கியிருந்தது.

சரி, ஆர்கன் சிலிண்டர் அங்கே நின்றதே? அது ஸ்ரெயின்லெஸ் கேட்டுக்கும் படிக்கட்டுக் கைபிடிக்கும் வைத்திருப்பது. இப்போது கட்டுகிற வீடு எல்லாவற்றுக்கும் அதுதானே. அந்த வேலைக்கு டீ.சீ. ஆர்கன் மிசின் போதும், விலையும் குறைவு. அலுமினியத்துக்கு ஏ.சீ.யும் வருகிற ஆர்கன் மிசின் வேண்டும். மின்சாரம் மாறி மாறி ஓடும்போது ஒரு பக்கம் ஒட்சைட் தோலை உடைக்கும், மறுபக்கம் சூட்டைக் கொடுக்கும். ஆகவே சிலிண்டரைப் பார்க்காதீர்கள், மிசினின் முகப்பில் ஏ.சீ./டீ.சீ. என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் என் 6,500 ரூபாயும் இரண்டு இறைப்பும் தப்பியிருக்கும்.

பிறகு கடைக்குப் போனேன். முதலாளி முதலில் “நீங்கள் திரும்பக் கீழே போட்டிருப்பியள்” என்றார். பசையைச் சுரண்டிக் கொண்டுவந்ததைக் காட்டினேன். அடுத்த கதை, “அலுமினியத்துக்கு உத்தரவாதம் குடுக்கேலாது அண்ணை, அது அப்பிடித்தான்.” அப்படியென்றால் முதல் நாள் வேறு இடத்தில்தான் உடையும் என்றது யார்? உள்ளே நின்ற பொடியன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவனைச் சொல்லி என்ன? முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், கதவடைத்த கொட்டிலுக்குள் அந்தப் புளோரைட் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கிறவன் அவன். கடைசியில் 2,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள். “ஆர்கன் எண்டு நான் சொல்லேல்லை” என்று முடித்துவிட்டார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம் என்று மருமகள் சொன்னாள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை செய்து தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஆனால் என் கையில் என்ன இருக்கிறது? பற்றுச்சீட்டு இல்லை, ஆர்கன் என்று எழுதின துண்டு இல்லை. நீங்களாவது “அலுமினிய ஹவுசிங், ஆர்கன் வெல்டிங், இவ்வளவு ரூபாய்” என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பெயின்ற் அடிக்காமல் தரச் சொல்லுங்கள். ஒட்டும்போது பக்கத்தில் நிற்க விடமாட்டோம் என்றாலும் அதே முடிவுதான்.

ஹவுசிங்கைத் திரும்ப ஆர்கனில் ஒட்ட முடியுமா என்று ஐயாவிடம் கேட்டேன். கசடும் பசையும் ஊறின இடத்தில் இனி எது பிடித்தாலும் நம்பாதே, புதிது வாங்கு என்றார். கொழும்பிலிருந்து எடுப்பித்தேன், 11,800 ரூபாய், எட்டு நாள். அதுவரை பக்கத்துத் தோட்டக்காரரின் மிசினை இரவல் வாங்கி இரவில் இறைத்தேன். கிழக்குப் பக்கத்து ஒன்றரைப் பரப்பு வெங்காயம் காய் பருக்கவில்லை. மிச்சம் பரவாயில்லை.

இப்போது அதே பக்கத்துத் தோட்டக்காரருடைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கவர் வெடித்துக் கிடக்கிறது. அதுவும் வார்ப்பு அலுமினியம். யாழ்ப்பாணத்துக்குள் ஏ.சீ. ஆர்கன் மிசின் வைத்து, பெயின்ற் அடிக்காமல் கையில் தருகிற ஆளை யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.