அம்பை 16-ஆ, ஹைபிரிட்டா?

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். ஒரு கார் பருவத்தில் ஒன்றரை ஏக்கரில் அம்பை 16 நெல்லும், அரை ஏக்கரில் ஹைபிரிட் (ஒட்டு) நெல்லும் நட்டுப் பார்த்தேன். இப்போது முழுக்க அம்பை 16 தான். ஆகவே இதில் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

விளைச்சலில் ஹைபிரிட் முந்தும், பேச்சே இல்லை. தூர் கட்டுவதிலேயே தெரிந்துவிடும். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். அம்பை 16-க்கு 24 கிலோ வேண்டும். ஆனால் ஹைபிரிட்டின் கிலோ விலை அந்த மிச்சத்தைத் தின்றுவிடுகிறது.

அம்பை 16 நம்ம அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் விட்ட ரகம். 110 நாளைத் தாண்டினால் அறுப்புதான். குண்டு நெல், இட்லிக்குப் பேர்போனது. வியாபாரி களத்தில் ஒரு கை அள்ளியதுமே விலை சொல்லிவிடுவார்.

என்னை ஒரு பக்கம் தள்ளியது விதைநெல்தான். ஹைபிரிட் வாங்கியபோதே விதைக்கடை அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, இதுல மட்டும் விதை கட்டிராதீங்க. அடுத்த பூவுக்கும் (போகத்துக்கும்) கடைக்குத்தான் வரணும்." விற்கிறவரே இப்படிச் சொல்லும்போது கேட்டிருக்க வேண்டும். நான் ஒரு மூடை கட்டிவைத்து காருக்கு அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவினேன். வயலில் ஒரு பயிர் இடுப்பளவு, பக்கத்தது முழங்காலளவு. பாதி பூத்து நிற்க, மீதி கதிர் வெளிவராமல் பொதியில். அறுக்கும் மெஷின் வந்த அன்று முற்றிய மணி உதிர்ந்தது, பச்சை மணியை நசுக்கினால் பால் வந்தது. ஒட்டு நெல்லின் அடுத்த தலைமுறையில் தாய், தகப்பன் குணங்கள் இப்படித்தான் பிரிந்துபோகும்.

அம்பை 16-இல் அந்தத் தொல்லை இல்லை. ரகம் மாறி நிற்கும் கலவனைப் பிடுங்கி எறிந்த துண்டில் விதைக்கென்று தனியாக அறுக்கிறேன். பாவுவதற்கு முன் 100 மணியை ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து, 80-க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று எண்ணுவேன். அப்புறம் முட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வந்துவிடும். அடியில் நின்றதை நல்ல தண்ணீரில் அலசினால் சரி.

இரண்டு மூன்று பூவுக்கு ஒருதரம் நீலச் சீட்டு கட்டிய, அரசு சான்று பெற்ற விதை வாங்கி மாற்றிவிடுவேன். சீட்டில் விதையைச் சோதித்த தேதி பார்க்கச் சொன்னதும் அண்ணாச்சிதான். 9 மாதம் தாண்டியிருந்தால் கைவைக்க வேண்டாம் என்பார்.

புது ஹைபிரிட் விதையைப் பிசானத்தில் நட்டுப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. ஒவ்வொரு பூவுக்கும் கைக்காசு போட்டு விதை வாங்கத் தெம்பு இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறாக வரலாம்.